முதலில் நத்தைகள்தான் சாகும்

நெம்மேலியில் எங்கப்பா ஞானதாஸ் வேலை பார்க்கும் ஆலையில் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு வில்லாவில், நான் நல்ல தண்ணீரை இன்னும் ஒருமுறை வடிகட்டி, ஜெர்மனியிலிருந்து வந்த உப்பைக் கொட்டிக் கடல் தண்ணீராக்குகிறேன். அப்பா எடுக்கிறார், மகள் போடுகிறாள். இருவருக்கும் சம்பளம் வருகிறது. நாடு முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வில்லாவின் மொட்டை மாடியில் நின்றால் நிஜக் கடல் தெரியும். "சார், அதுலேர்ந்தே நாலு கேன் எடுத்தாந்து ஊத்திடலாமே" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"அது அழுக்கும்மா. யார் யாரோ இறங்குற தண்ணி" என்றார் நரசிம்மன் சார்.

நான் செங்கல்பட்டில் ஜெபக்குமார் அண்ணன் நடத்தும் மீன் கடையில் டெக்னீஷியன். பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வீட்டில் முதல் டிகிரி. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதைத் தாங்கும் ஆணிக்கு இருக்கிற வேலைகூட அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், ஸ்கூட்டியில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து அந்தச் சாலையில் உள்ள எட்டு வீட்டுத் தொட்டிகளைப் பார்ப்பேன். நரசிம்மன் சார் வீடுதான் கடைசி. பவளம் அங்கே மட்டும்தான், மற்ற ஏழிலும் வெறும் மீன்.

அவர் ஓர் ஆராய்ச்சி மையத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மகனோடு அமெரிக்காவுக்குப் போவார்கள். இவர் பவளத்தொட்டி வைத்தார். இருநூற்றைம்பது லிட்டர். கல் பவளம் வைக்கச் சட்டம் விடாது என்பதால் மென்பவளங்கள்: காளான் மாதிரி ஒன்று, பொத்தான் மாதிரி ஒன்று. நான்கு நத்தை, இரண்டு இறால், இரண்டு கோமாளி மீன். செங்கல்பட்டு மாவட்டத்து வெயில் அவற்றைத் தொடக்கூடாது என்று தண்ணீரைக் குளிரவைக்க ஒரு இயந்திரம். கரண்ட் போனால் மீனுக்குத் தனி இன்வெர்ட்டர். அடுப்படியில் வேலை செய்யும் சந்திரம்மா அக்கா, இடுப்பில் செருகிய துணியால் கழுத்தைத் துடைத்தபடி, "அடுத்த ஜென்மத்துல இந்த வூட்டு மீனாப் பொறக்கணும்டி" என்பார்.

தொட்டி போட்ட அன்றே மீன் விட வேண்டும் என்றார் சார். நல்ல நாளாம். தண்ணீரில் கழிவைத் தின்னும் பாக்டீரியா வளர ஆறு வாரம் ஆகும் என்றேன்.

"ஆறு வாரம் கழிச்சு ஆடி வந்துடும்மா."

"பாக்டீரியாவுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாது சார்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அளவுகளைக் காட்டினால் அடங்கிவிடுவார். அவருக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு கருவியைத் தொங்கவிட்டு, அது நிமிடத்துக்கு நிமிடம் உப்பை அளந்து லேப்டாப்பில் கோடு போடும்படி செய்திருந்தார். நான் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் அதே லேப்டாப்பில். எனக்கும் ஒரு நோட்டு வாங்கித் தந்து, ஸ்கேல் வைத்து அவரே கட்டம் போட்டார்: தேதி, வீடு, நிலவரம், காரணம், வீட்டுக்காரர் கையெழுத்து. "எட்டு வீட்டுக்கும் ஒரே நோட்டு. எல்லாரும் எல்லாத்தையும் பாக்கணும். அப்பத்தான் பொறுப்பு வரும்." அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த நோட்டைக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

அவர் மனைவி பார்வதம் மேடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"ஜெனிஃபர்னா கிறிஸ்டியனா?"

"ஆமா மேடம்."

"எப்ப மாறுனீங்க?"

"நான் மாறல மேடம். பொறந்ததுலேர்ந்தே இப்பிடித்தான்."

"அதில்லம்மா. ஊர்ல வீடு எந்தப் பக்கம்?"

சொன்னேன். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பக்கவாட்டு கேட். தோட்டத்துக் குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டு உள்ளே வர வேண்டும். சோப்பு போடாமல் நான் எப்படியும் கழுவுவேன், அது தொழில். ஆனால் தொட்டிக்கு மூன்றடியில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. தாகம் என்றால் காகிதக் கப். கடலையே கலக்கித் தருகிற கைக்கு அவர்கள் வீட்டு டம்ளரைத் தொடத் தகுதியில்லை. என் ஸ்கூட்டியில் பாட்டில் இருந்தது. அதையே குடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்தது. அடுத்த வாரம் மற்ற மூன்றும். பிறகு இறால்கள். பிறகு காளான் பவளம் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டது. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. வழக்கமாகப் பார்க்கிற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. செத்ததை அள்ளினேன், தண்ணீரை மாற்றினேன், வடிகட்டியில் இருக்கும் கரியை மாற்றினேன். அடுத்த முறை போனால் இன்னொன்று செத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை நரசிம்மன் சார் என்னை நிற்க வைத்துத் தன் ஃபோனில் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். அந்தச் சாலை வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கான செய்தி. டெக்னீஷியனின் கைகள் வழியே மாசு பரவுவது தெரியவந்துள்ளது, மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்கவும், மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்.

"ஞாயித்துக்கெழம போடுறேன். அதுக்குள்ள உன் தரப்பு எதாவது இருந்தா சொல்லு" என்றார். நியாயமான மனிதர். தூக்கில் போடுவதற்கு முன் கடைசி ஆசை கேட்கிற ரகம்.

கடைக்குப் போனால் ஜெபக்குமார் அண்ணன் கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி ஜெனி, அந்த சார் ஃபோன் மேல ஃபோனா அடிச்சிகினு கீறாரு. நீ கைய வச்சாலே சாவுதாமே?"

"நான் கைய வச்சா சாவுதுன்னா மொதல்ல உன் கடைதாண்ணே செத்திருக்கணும். மூணு வருசமா வச்சிகினு கீறேன்."

"நக்கலு பேசாத. அந்த ரோட்ல எட்டு வூடு. குரூப்ல போட்டான்னா எட்டும் காலி. அப்பாலிக்கா நான் உன்ன இன்னா சொல்லி வேலைல வச்சிக்கிறது? வேற ஆளப் போட்டுத்தான் பேர எடுக்கணும்."

"வேற ஆளு வந்தா நத்த எழுந்து நடந்துருமா?"

"நத்தைக்கு யாரு பேஜாரு படுறா? ஆளுக்குத்தான்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் கோபத்தில் நான் பார்க்காமல் விட்டது மண்டையில் ஏறியது. மீனுக்கு ஒன்றுமில்லை. நத்தை, இறால், பவளம், மூன்றும் சாகின்றன. முதுகெலும்பு இல்லாதது மட்டும் சாகிறது என்றால் அது என் கை இல்லை, காப்பர். மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் நாங்களே தனித் தொட்டியில் காப்பர் மருந்து போடுவோம். பவளத்தொட்டி பக்கம் அந்தப் பாட்டிலைக்கூடக் கொண்டு போக மாட்டோம். அந்த வீட்டில் இன்னும் சாகாமல் இருந்த முதுகெலும்புகள் இரண்டு மீனும் நானும்தான்.

கடையில் காப்பர் டெஸ்ட் கிட் தூசி படிந்து கிடந்தது. யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை ஹாலில் தரையில் உட்கார்ந்து ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்துச் சொட்டு விட்டேன். நரசிம்மன் சார் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார். குப்பி நீலமானது. வடிகட்டிய தண்ணீரில் விட்டேன், நிறமில்லை. உப்பு கலந்து வைத்திருந்த புதுத் தண்ணீரில் விட்டேன், நிறமில்லை.

"தொட்டில காப்பர் கீது சார். நான் ஊத்துற தண்ணில இல்ல. வேற எதுலயோ வருது."

"எதுல?"

பம்ப்பைக் கழற்றினேன், ஒயரைப் பார்த்தேன், மணலைக் கிளறிக் காசு கீசு கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. லேப்டாப்பைத் திருப்பினார்.

"நான் ஆதாரம் இல்லாம பேச மாட்டேம்மா. இதப் பாரு. உப்பு முப்பத்தஞ்சுல நிக்குது. வாரத்துல ரெண்டே நாள் இறங்குது. முப்பத்தி நாலு புள்ளி எட்டு. செவ்வாய், சனி. செவ்வாய், சனி. அந்த ரெண்டு நாளும் இங்க யாரு வர்றா?"

"நான்தான்."

"அவ்வளவுதான் விஷயம்."

இருபது கோடுகள். எல்லாம் ஒரே மாதிரி குழி விழுந்தவை. நிஜமாகவே நான்தானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"எத்தன மணிக்கு இறங்குது சார்?"

பெரிதாக்கினார். "பன்னெண்டே கால்."

"இன்னொரு நாள்?"

"பன்னெண்டு இருபது."

"நான் எத்தன மணிக்குப் போறேன்? அதுவும் எழுதி வச்சிருப்பீங்களே."

வைத்திருந்தார். பதினொன்று ஐம்பது. பதினொன்று ஐம்பத்தைந்து. அவர் விரல் திரையில் மெதுவாக நகர்ந்து நின்றது.

"நான் ஸ்கூட்டில திருக்கழுக்குன்றம் ரோட்ல போய்கினு இருக்கறப்ப உங்க தொட்டில உப்பு இறங்குது. என் கை அவ்ளோ நீளமா சார்? உப்பு இறங்குதுன்னா யாரோ நல்ல தண்ணி ஊத்துறாங்க. அதுலதான் காப்பர் கீது."

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது.

"நான்தான் ஊத்தறேன்" என்றார் பார்வதம் மேடம். கையில் பாதி ஆய்ந்த கீரை. முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை, பால் காய்ச்சினேன் என்று சொல்வது போலச் சொன்னார். "ஒரு சொம்புதான். பெரிய சொம்பு. முத நாள் ராத்திரியே துளசியும் எலுமிச்சம்பழமும் நறுக்கிப் போட்டு வச்சிடுவேன்."

"என்னா சொம்பு மேடம்?"

"காப்பர்தான். அதுதானே சுத்தம்."

"பாரு, நீ உள்ள போ" என்றார் சார்.

"ஏன் போகணும்? நீங்கதானே சொன்னீங்க. அந்தப் பொண்ணு முழங்கைவரைக்கும் உள்ள விட்டுட்டுப் போறா, பக்கத்துலயே பூஜை ரூம், எதாவது பண்ணு பாருன்னு. பண்ணேன். தீர்த்தத்துல யாராவது செத்துப்போவாங்களா?"

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. சந்திரம்மா அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

காப்பர் சொம்பில் எலுமிச்சம்பழம் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் காப்பர் தண்ணீரில் இறங்கும் என்று எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை போல. நான் அந்த வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறேன், என் பின்னாலேயே அவர்கள் என்னைச் சுத்தம் செய்கிறார்கள், நத்தைகள் சாகின்றன, பழி எனக்கு. எனக்கு என்னென்னவோ கத்த வேண்டும் போல இருந்தது. குப்பியைக் கழுவிப் பெட்டியில் வைத்தேன்.

"காப்பர உறிஞ்சுறதுக்கு ஒரு மருந்து கீது, போடுறேன். நாலு வாரத்துக்குத் தண்ணி மாத்தணும். பொத்தான் பவளம் பொழச்சிக்கும். இனிமே அந்தத் தண்ணி ஒரு சொட்டு வுழக் கூடாது."

பார்வதம் மேடம் நிஜமான கவலையோடு கேட்டார்: "அப்ப நீ போனப்புறம் நான் என்ன பண்றது?"

கிண்டல் இல்லை. சத்தியமாகக் கேட்டார்.

"எவர்சில்வர் சொம்புல ஊத்துங்க மேடம். எலுமிச்சம்பழம் வேணாம்."

அவர் தலையாட்டி மனதில் குறித்துக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்தேன். 'காரணம்' கட்டத்தில் எழுதினேன்: நான் போன பிறகு தீட்டுக் கழிக்க ஊற்றிய காப்பர் சொம்புத் தண்ணீர்.

"பைப்புன்னு போட்டுக்கோயேம்மா" என்றார் நரசிம்மன் சார், குரலைத் தாழ்த்தி. "பழைய பைப்."

"வீடு கட்டி ரெண்டு வருசந்தானே சார் ஆவுது? எல்லாம் எழுத்துல இருக்கணும். நீங்க போட்ட கட்டம். கையெழுத்துப் போடுங்க. போட்டாத்தான் கடைல மருந்து எடுத்துத் தருவாங்க."

அந்த மருந்து என் பையிலேயே இருந்தது. அவருக்குத் தெரியாது. போட்டார். அழகான கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் செய்தி வந்தது, வேறு செய்தி. பைப் வழியே காப்பர் கலந்து என் தொட்டி பாதிக்கப்பட்டதைத் தொடர் அளவீட்டின் மூலம் கண்டறிந்துள்ளேன், அனைவரும் பரிசோதித்துக்கொள்ளவும், டெக்னீஷியன் ஜெனிஃபர் வருவார். சார் தனக்கும் அனுப்பியிருந்த அதை ஜெபக்குமார் அண்ணன் படித்துவிட்டு, "பாத்தியா, எவ்ளோ பெரிய மனுசன்" என்றார். நான் டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மிச்சம் ஏழு வீடு. நான்கில் குப்பி நிறம் மாறவில்லை. மூன்றில் நீலம்.

கடைசி நீலத்தில், வீட்டுக்காரர் நோட்டை வாங்கிக்கொண்டு, "எங்க பைப்பெல்லாம் பிளாஸ்டிக் ஆச்சேம்மா" என்றார். அவர் மனைவி சமையல் மேடையில் இருந்த எதையோ முந்தானையால் மூடினார். துளசி வாசனையை மூட முடியவில்லை. வீட்டுக்காரர் பேனாவோடு மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார், நரசிம்மன் சார் கையெழுத்துவரை போனார். பிறகு தன் வரியைப் பார்த்தார். அதில் 'காரணம்' கட்டத்தில், மற்ற இரண்டு வீடுகளுக்கும் எழுதியதைத்தான் எழுதியிருந்தேன்.

மேற்படி.

"கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன்.