நடுச்சுவர்

என் அக்கா வீட்டுச் சமையலறைக்கும் என் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. அதை வாசல் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். ஒரு பீரோவைப் படுக்கவைத்தே தள்ளிவிடலாம், அவ்வளவு அகலம். மேலே கோணல், கீழே மேடு. முதல்முறை பார்க்கிறவர்கள் இங்கே ஏதோ விபத்து நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

நடந்தது விபத்துதான். ஆறாவது மாடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை அக்காவும் நானும் ஒரே நாளில் வாங்கினோம். அப்போதெல்லாம் இந்த வளாகத்தில் வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கட்டிய கம்பெனிக்காரர்களும் நல்ல குஷியில் இருந்தார்கள். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டதற்கு, அது பாரம் தாங்கும் சுவர் இல்லை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தலையாட்டினார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரரும், டைல்ஸ் கடை மேலாளரான அத்தானும் "இதுக்குப் போய் ஆள் எதுக்கு?" என்று ஆளுக்கொரு சுத்தியலோடு கிளம்பிவிட்டார்கள்.

அவர் எங்கள் பக்கம், அத்தான் அந்தப் பக்கம். "இடது மூலையிலிருந்து மூணடி" என்று கத்திப் பேசி முடிவு செய்துகொண்டார்கள். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேருக்கு இடது பக்கம் ஒன்றாக இருக்காது என்பது இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை. பாதிச் சுவர் பெயர்ந்த பிறகு, சத்தம் ஏன் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அக்காதான் முதலில் கேட்டாள். அப்புறம் என்ன, இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் இருந்ததையும் சேர்த்து உடைத்தார்கள். அந்த அளவுக்கு எந்தக் கடையிலும் கதவு இல்லை. நான் திரைச்சீலை தைக்கிறவள். மிச்சத் துணியில் ஒரு பச்சைத் திரை தைத்து அதில் மாட்டினேன். அந்தத் திரையை நாங்கள் ஒரு நாளும் இழுத்து மூடியதில்லை.

அதன் பிறகு எது யார் வீட்டுச் சர்க்கரை, எது யார் வீட்டுக் கரண்டி என்பதெல்லாம் மறந்தே போனது. நான் இங்கே வெங்காயம் நறுக்கினால் அவள் அங்கே மூக்கை உறிஞ்சுவாள். சண்டை போட்டால்கூட எழுந்து போய் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது. சாயங்காலமானால் அத்தானும் என் வீட்டுக்காரரும் ஓட்டையின் நடுவில் ஸ்டூலைப் போட்டுச் செஸ் ஆடுவார்கள். அத்தான் தோற்றுவிட்டால் காயைக் கலைத்துவிட்டு டீ கேட்பார். எனக்கு அந்த நாட்களில் பெரிதாக எந்த ஆசையும் இருக்கவில்லை. நல்ல நாளில் ஆசை எதற்கு?

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனிக்காரன் ஆரம்பித்தான். எல்லாரும் கட்டினார்கள், வாங்குகிறவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் விற்பனை அலுவலகத்தில் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். விலை இறங்கியது. நாங்கள் வாங்கிய அதே அளவு வீட்டை, இன்னும் நல்ல காற்று வருகிற மூலையில், நாங்கள் கொடுத்ததில் பாதிக்குக் கூவிக் கூவி விற்றார்கள். அதற்கும் ஆள் வரவில்லை.

எனக்கு மட்டும் அப்போதும் வேலை இருந்தது. காலி வீடுகளின் சன்னல்களுக்குத் திரை தைத்துத் தரச் சொன்னார்கள். திரை தொங்கினால், கீழே இருந்து பார்க்கிறவனுக்கு ஆள் குடியிருக்கிற மாதிரி தெரியுமாம். மாடி மாடியாக ஏறி மாட்டினேன். உள்ளே ஒரு செருப்புக்கூட இல்லாத வீடுகளுக்குப் பூப்போட்ட திரை. என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். ஓடாமல் கிடந்தால் பழுதாகிவிடும் என்று காலி லிஃப்டுகளைத் தினமும் மேலும் கீழும் ஓட்டுவார். "எத்தனாவது மாடி வேணும்?" என்று காற்றைக் கேட்டுப் பழகிவிட்டதாகச் சொல்வார்.

யாரும் வீடு வாங்காத ஊரில் டைல்ஸ் யார் வாங்குவார்கள்? அத்தானின் கடையை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலுத்து, கடைசியில் கடல் தாண்டி ஒரு சின்ன ஊரில் கிடங்கு வேலை பிடித்தார். அந்த ஊரில் இளவட்டங்கள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டதால் வீடுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கையில் இருப்பதைக் கொடுத்தே சொந்தமாக வாங்கிவிடலாமாம்.

"இங்க காலி வீடு இல்லையா? காலி வீட்டுக்கு எதுக்கு கடல் தாண்டணும்?" என்று நான் கேட்டேன்.

"அங்க அந்த வீட்டுக்காக ஆயுசு பூரா உழைக்க வேண்டாம்டி," என்றாள் அக்கா. "அவர் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

நாங்களும் வருகிறோம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "என்னால எல்லாம் எங்கயும் வர முடியாது. என் லிஃப்ட்டை யாரு பார்ப்பா?" என்றார். ஆளில்லாத லிஃப்டுக்கு இவ்வளவு பாசம் வைத்த மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் போனார்கள். வீட்டை விற்றுத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அது விற்றால்தான் கடன் கொடுத்த வங்கியின் பிடி விடும், அங்கே அவர்கள் மூச்சு விட முடியும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், விலை இன்னும் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் என் வயிற்றுக்குள் கள்ளத்தனமாக ஒரு நிம்மதி. விற்காமல் கிடக்கும் வரைக்கும் அது அக்கா வீடுதானே. மத்தியானம் டீ டம்ளரோடு ஓட்டை வழியாகப் போய் அவள் காலிச் சமையலறையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் மேடையில் எண்ணெய்ப் பாட்டில் வைத்த வட்டம் இன்னும் இருந்தது. அதை நான் துடைக்கவே இல்லை.

தரகருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முடிஞ்சிரும்'. எதைக் கேட்டாலும் "முடிஞ்சிரும்" என்பார், எதுவும் முடியாது. ஒருநாள் அவர் என்னிடம் சொல்லாமலே ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிட்டார். புத்திசாலித்தனமாகப் பச்சைத் திரையை இழுத்து மூடி, "இது சன்னல் பக்கம்" என்று கதைவிட்டிருக்கிறார். தலைக்குக் குளித்து, துண்டைக் கொண்டையில் சுற்றி, கையில் டம்ளரோடு நான் அந்தச் சன்னலிலிருந்து வெளிப்பட்டேன்.

அந்த அம்மா போட்ட அலறலில் என் டீ பாதி தரையில் போனது.

"இவங்க யாரு?"

"பக்கத்து வீடும்மா," என்றார் முடிஞ்சிரும், முகத்தில் ஈயாடாமல்.

"பக்கத்து வீட்டுக்காரங்க இப்படித்தான் வருவாங்களா?"

"தினமும் வருவேன்," என்றேன் நான். சும்மா இருந்திருக்கலாம்.

அவர்கள் போன வேகத்தில் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சாயங்காலம் அக்கா போன் செய்தாள். முடிஞ்சிரும் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவைத்திருந்தார்.

"அந்தச் சுவத்தை அடைச்சிடு," என்றாள்.

"நீயே வந்து அடை," என்றேன்.

"ஏய், அவர் நெஞ்சு வலிக்குதுங்கறார்டி. டாக்டர் ஒண்ணுமில்லை, கவலைதான்னு சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு." குரல் உடைந்தது. அக்கா அழுது நான் பார்த்திருக்கிறேன். பார்க்க முடியாத தூரத்திலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

கொத்தனார் ஓட்டையை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரும்மா உடைச்சது? சண்டை போட்டுக்கிட்டே உடைச்சாங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

கல்லும் கலவையும் எங்கள் பக்கம் இருந்ததால் கொத்தனார் எங்கள் பக்கம் நின்று கட்டினார். திரையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நான் அக்கா பக்கம் நின்றேன். கால் தானாக அங்கேதான் போய் நின்றது. சுவர் முட்டி வரை வந்தது, இடுப்பு வரை வந்தது. என் அடுப்பு மறைந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து "டீ வேணுமா?" என்று கேட்டு, கழுத்தளவு சுவருக்கு மேலே டம்ளரை நீட்டினார். பிறகு கொத்தனாரின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. கடைசிக் கல்லை அவர் செருகியபோது அக்கா வீட்டுச் சமையலறை திடீரென்று இருட்டிவிட்டது. இத்தனை காலமாக அவளுக்கு வெளிச்சம் என் சன்னலிலிருந்துதான் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா வீட்டு வாசல் வழியாக வெளியே வந்து, பூட்டி, நடைபாதையில் நான்கு எட்டு வைத்து, என் வீட்டுக் கதவின் முன்னால் நின்றேன். சாவி உள்ளே. வாழ்க்கையில் முதல்முறையாக என் வீட்டுக் காலிங் பெல்லை அடித்தேன்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றார் விளையாட்டாக.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சுவர் காய்வதற்குள் வீடு விற்றுவிட்டது. அதிசயமாக முடிஞ்சிரும் முடித்துவிட்டார். புதுசாகக் கல்யாணமான ஜோடி. நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் குக்கர் வைக்கும்போது விசில் சத்தம் சுவருக்குள்ளிருந்து வரும். "அக்கா, இறக்கு!" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்றது. அன்றிலிருந்து அந்தப் பெண் லிஃப்டில் என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறாள்.

என் வீட்டுக்காரரும் ஒன்றும் சந்தோஷமாக இல்லை. மூன்றாவது கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலங்களில் செஸ் பலகையை விரித்து, இரண்டு பக்கமும் இவரே ஆடுவார். அத்தான் பக்கத்தைத் தோற்கவைக்க மனம் வராமல் பாதியில் காயைக் கலைத்துவிடுவார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திடீரென்று வீட்டைச் சீர்படுத்தும் ஆசை வந்தது. ஓட்டை இருந்த காலத்தில் இடமில்லாமல் ஃபிரிட்ஜைக் கூடத்தில் வைத்திருந்தோம். "இப்பதான் முழுச் சுவர் இருக்கே" என்று அதைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் புதுச் சுவரில் ஃபிரிட்ஜ் நிற்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அக்கா வீடியோவில் வந்தாள். புது வீட்டுக்குக் குடிபோன பிறகு முதல் தடவை. போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினாள். பெரிய அறைகள், மரப்படி, பின்னால் தோட்டம். அத்தான் முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு. பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கடைசியாகச் சமையலறை. அங்கேதான் இடித்தது. மூன்று சுவர்களில் அலமாரியும் அடுப்பும் பாத்திரமும் மூச்சு முட்ட நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான்காவது சுவர் வெறுமையாகக் கிடந்தது. ஃபிரிட்ஜைக் காணோம்.

"ஃபிரிட்ஜ் எங்க?" என்றேன்.

"படிக்கட்டுக்குக் கீழ," என்றார் அத்தான் எட்டிப் பார்த்து. "உங்க அக்காவை நீயாவது கேளு. அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கறா. நான் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்கறதில்லை."

"ஏன்க்கா?"

அக்கா புடவைத் தலைப்பால் அந்தச் சுவரைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அதுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறைடி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்," என்றாள். "யாரும் இல்லை. விக்கறதுக்குன்னு போர்டு தொங்குது."

என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதைத் திரும்பவும் கூடத்துக்கே தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளி முடித்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே குனிந்து அந்த வெறும் சுவரைப் பார்த்தார்.

"அந்த போர்டுல போன் நம்பர் ஏதாவது போட்டிருக்கான்னு கேளு," என்றார்.

அக்கா கையில் போன் குலுங்கியது. கதவு, படி, வானம், புல்தரை என்று எல்லாம் தலைகீழாக ஓடின. செருப்புக்கூடப் போடாமல் அவள் வெளியே ஓடிக்கொண்டிருந்தாள்.