எஸ் மூன்றும் எஸ் ஐந்தும்

வால்பாறை பஸ் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதுதான் அந்தச் சனியன் பிடித்த நினைப்பு வந்தது. வளைவின் எண் எழுதிய பலகைக்கு இடது பக்கம் ஒரு உருண்டைக் கண்ணாடி நின்றது. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன். பலகையின் முதுகு தெரிந்தது, கண்ணாடி வலது பக்கம் போயிருந்தது. நேற்று நான் மாட்டிய பலகைகளும் இப்படி இடவலம் மாறிப் போயிருக்குமோ?

நான் பிரான்சிஸ். போத்தனூர் பக்கம் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல் டெக்னீசியன். புதுப் பாதை ஒன்று போட்டதில் எங்கள் சிக்னல் எண்களை எல்லாம் மாற்றினார்கள். ஒரு திசைக்கு ஒற்றைப்படை, எதிர்த் திசைக்கு இரட்டைப்படை. பழைய பாதைக்கு எஸ் மூன்று, அதை ஒட்டியே புதுப் பாதைக்கு எஸ் ஐந்து. இரண்டு கம்பத்திலும் எண் பலகை மாட்டியது நேற்றுச் சாயங்காலம், நான்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்துபோனால் கம்பத்தின் முதுகுப் பக்கம்தான் வரும். ரயில் டிரைவருக்கு இடது, எனக்கு வலது. மாட்டியதும் முன்னால் போய் நின்று, டிரைவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போகவில்லை. மச்சான் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் ஞானஸ்நானம், துணி எடுக்க வாருங்கள் என்று என் மனைவி அன்புக்கரசி நாலு தடவை போன் செய்துவிட்டாள். ‘ஒத்துப் பார்த்தேன்’ என்று எழுதிப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றால், ‘எஸ் மூன்றில் நிற்கிறேன்’ என்று டிரைவர் வாக்கிடாக்கியில் சொல்வார். ஸ்டேஷன் மாஸ்டர் அந்த எண்ணுக்கு அனுமதி எழுதிக் கொடுப்பார். பலகை மாறியிருந்தால் அந்த வண்டிக்குப் பதில் பக்கத்துப் பாதை வண்டி கிளம்பிவிடும். இரண்டு பாதையும் ஸ்டேஷன் வாசலில் ஒன்றாய்ச் சேர்கின்றன. இன்று சனிக்கிழமை, வண்டி முழுக்கக் கூட்டம் இருக்கும்.

“ஏனுங்க, மொகமெல்லாம் இப்படி வேர்க்குது?” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அன்புக்கரசி.

சொன்னேன். “மூணை எதுல மாட்டினேன்னு நெனப்பே வரமாட்டீங்குது.”

அவள் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். “திங்கக்கெழம போய் மாத்திப்போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? பத்து வருசம் காத்திருந்த பிரமோசனுங்க.”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அடுத்த மாதம் பட்டியல் வருகிறது. ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. போனில் டவரும் இல்லை. எழுந்துபோய் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் திட்டினார். அன்புக்கரசியை மட்டும் போகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கீழே போன தேயிலை வேன் ஒன்று ஏற்றிக்கொண்டது. அந்த ஆள் வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தான். எனக்கு அவனைத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாம் போலிருந்தது. ஒன்பதாவது வளைவில் டவர் வந்ததும் இறங்கி ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

ட்யூட்டியில் இருந்தது ஸ்டேஷன் மாஸ்டர் மௌனிகா.

“மேடம், பிரான்சிஸ் பேசறனுங்க. எஸ் மூணு, எஸ் அஞ்சு பலகை மாறியிருக்குமோன்னு சந்தேகமுங்க. ஆளை உட்டுப் பாருங்க.”

“அண்ணா, இந்த லைன்ல பேசறது பதிவாகுதுங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க ஒத்துப் பார்த்துத்தானுங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

நல்ல பெண். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி விடுகிறாள். ஆனால் ஆமாம் என்றால் எதை வைத்து வண்டியை நிறுத்துவாள்?

“பார்க்கலீங்க. பார்க்காமப் போட்டுட்டனுங்க.”

“போனை வையுங்க” என்றாள்.

இருபத்தைந்து நிமிஷம். வளைவோரக் கடையில் டீ வாங்கினேன், குடிக்கவில்லை. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தேன். ஒரு குரங்கு என் பிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது, விரட்டக்கூடத் தோன்றவில்லை.

போன் அடித்தது. “அண்ணா, பாயிண்ட்ஸ்மேன் கண்ணையா முன்னால நின்னு பார்த்துட்டாருங்க. மூணு மூணுலதான் இருக்குது, அஞ்சு அஞ்சுலதான் இருக்குது. சரியாத்தான் மாட்டியிருக்கீங்க.”

கைப்பிடிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் கைக்குத் தெரிந்தது என் புத்திக்குத் தெரியாமல் போய்விட்டது.

“ஆனா, பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிட்டீங்களேண்ணா” என்றாள் மௌனிகா. குரல் இறங்கியிருந்தது. “மேல எழுதித்தானுங்க ஆவோணும்.”

“எழுதுங்க அம்மணி. சொன்னது சொன்னபடியே எழுதுங்க.”

மேலே பஸ் டீக்கு நின்ற இடத்திலிருந்து அன்புக்கரசி போனில் கூப்பிட்டாள். “மாறியிருந்துச்சுங்களா?”

“இல்ல. சரியாத்தான் இருக்குது. பார்க்காம கையெழுத்துப் போட்டதைச் சொல்லிட்டேன், மேல எழுதறாங்க.”

“சரியா இருந்ததுக்கா இப்படிப் போய் ஒளறிப்போட்டு வந்தீங்க? பிரமோசன் போச்சுங்களே.” அழுதாள்.

“அது சரியா இருந்தது எனக்குத் தெரியலியே, அன்பு.”

அவள் மூக்கைச் சிந்தினாள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

“அடுத்த பஸ்ஸுல ஏறி வாங்க” என்றாள். “சோறு எடுத்து வெக்கச் சொல்றேன்.”