சிவப்புக் கோட்டுக்குக் கீழே

ஆட்குறைப்புப் பட்டியல் வெளியான வியாழக்கிழமை காலை, நான் முதலில் தேடியது என் பெயரை அல்ல, மர்யுத்தின் பெயரை. அப்படித்தான் என் புத்தி. வான்டா விமான நிலையத்தில் பணிப்பெண்கள் அறையில், காபி இயந்திரத்துக்கு மேலே நான்கு தாள்கள் ஒட்டியிருந்தார்கள். 640, மர்யுத். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 641, கைசு. அது நான்.

கோட்டுக்கு மேலே இருந்தால் வேலை உண்டு, கீழே என்றால் ஆகஸ்டோடு சரி. எங்கள் தொழிலில் திறமைக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. கடைசியில் சேர்ந்தவள் முதலில் வீட்டுக்குப் போவாள். நானும் மர்யுத்தும் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

"ஒரே ஒரு ஆள் போதும் கைசு," என்றார் தொழிற்சங்கத்து உர்போ. "மேல இருக்கறவங்கள்ல யாராவது தானா எழுதிக் குடுத்துட்டுப் போனா, கோடு ஒரு படி எறங்கும். நீ தப்பிச்சிடுவ."

"யாரு போவா? எண்ணெய் வெல ஏறினப்ப சாப்பாட்ட நிறுத்துனாங்க. இப்ப பிளேன்ல ஏற ஆளே இல்ல, ஆனாலும் கால் நீட்டற எடத்துல இன்னொரு வரிசை சீட்டு போடறாங்க. இந்த நேரத்துல வெளிய எவன் வேலை குடுப்பான்?"

உர்போ மூக்கைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த 640 நியாயப்படி என்னுடையது. என் வயிற்றெரிச்சலே அதுதான். ஒரே நாளில் சேர்ந்தவர்கள் சீட்டுக் குலுக்கி வரிசை எடுப்பது எங்கள் வழக்கம். காலி காபி டப்பாவில் கைவிட்டபோது முந்தின சீட்டு எனக்கு வந்தது, அடுத்தது மர்யுத்துக்கு. மேலதிகாரி எழுதிக்கொள்வதற்குள் அவள் என்னைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"நடுக்கோடைத் திருநாளன்னிக்கு எனக்கும் யாக்கோவுக்கும் கல்யாணம்டி. அன்னிக்கு லீவு ஒருத்திக்குத்தான் பாக்கியாம். சீட்ட மாத்திக்கலாமா? உனக்கு என்ன, நீ ஒண்டிக்கட்டை."

மாற்றிக்கொடுத்தேன். அப்போது ஊரே விமானம் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்குறைப்பை யார் நினைத்தார்கள்? அவள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. பிந்தின சீட்டுக்காரிக்கு லீவு ஏது? மலாகா விமானத்தில் குடிகாரர்களுக்குத் தக்காளிச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் அப்படித்தான். மேலே இருந்தவர்கள் ஓய்வு பெறப் பெற நாங்கள் ஏறினோம், அவள் எப்போதும் எனக்கு ஒரு படி முன்னே. கிறிஸ்துமஸ் விடுமுறை அவளுக்கு, நியூயார்க் அவளுக்கு, மிச்சம் மீதி எனக்கு. வெளியே சிரிப்பேன். உள்ளே புகைந்துகொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல அவள் வீட்டு நீராவிக் குளியல் அறைக்கு, சவுனாவுக்குப் போனேன். சவுனாவில் குரலை உயர்த்தக் கூடாது என்பார்கள். நான் சண்டை போடத்தான் போனேன்.

"அந்த எடம் என்னோடது மர்யுத்," என்றேன், உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

அவள் சூட்டுக் கற்களின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி சீறியது.

"தெரியும்டி. நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். நீ 640. போதுமா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேர்வையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "உன்னப் போய் என்னென்னவோ நெனச்சேனே, பாவி நான்," என்று அவள் தோளிலேயே புலம்பினேன்.

"ஏய், நான் ஒண்ணும் தியாகி இல்ல," என்றாள் அவள், மெல்ல விலகி. "தோஹால வேலை கெடைச்சிருக்கு. எல்லாம் புது விமானம், வீடு கம்பெனியே குடுக்குது, சம்பளம் இங்கத்தவிட ஒண்ணரை மடங்கு. காகித ஆலைய மூடினதுலேருந்து யாக்கோவும் சும்மாதானே இருக்கான், அவனையும் கூட்டிட்டுப் போறேன். ஏப்ரல்ல இங்க ஒரு ஹோட்டல்ல வந்து ஆள் எடுத்தாங்க."

"ஏப்ரல்லயா? எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு ஆளத்தான் எடுத்தாங்க. நீ நாலு பாஷை பேசறவ. பயணி மயங்கி விழுந்தா மொதல்ல ஓடறவ. நீ வந்திருந்தா என்னை எதுக்கு எடுப்பாங்க? பதினோரு வருஷமா உன் பக்கத்துல நின்னு எனக்கு எரியாத நாள் இல்ல, கைசு."

விருட்டென்று எழுந்தேன். நல்ல துண்டைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திங்களன்று உர்போ புதுத் தாள் ஒட்டினார். 640, கைசு. கோடு எனக்குக் கீழே. எல்லோரும் கை குலுக்கினார்கள், நானும் பல்லைக் காட்டினேன். மத்தியானம் மலாகா விமானத்தில் ஆறு யூரோவுக்குப் பாலாடைக்கட்டி ரொட்டி விற்றுக்கொண்டு போனேன். பாதி இருக்கை காலி. பதினோரு வருடம் நான் ஏங்கிய இடம் கடைசியில் என் கைக்கு வந்துவிட்டது, அவளுக்கு அது தேவைப்படாமல் போன பிறகு. அவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளாம். தள்ளுவண்டியைப் பின்வரிசைவரை தள்ளிப்போய்த் திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்று மட்டும் இனித்தது.