இடது பக்க ஒயர்

'டக்' என்றது. பாட்டு பாதியில் நின்றது.

"இந்த ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு பத்தல" என்றான் சார்லஸ்.

அவன் ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர்கள் இடுப்பு உயரம் இருந்தன. கரண்ட்டை உறிஞ்சும் ரகம். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே ஆம்ப்ளிஃபயர் சூடாகித் தானாக அணைந்துவிடும்.

பிரிசில்லாவுக்கு உள்ளூர நிம்மதி. கல்யாணமாகி நான்கு மாதம். அவளுக்கு இடது காது கேட்காது என்பதை இன்னும் கணவனிடம் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது அம்மா தடுத்துவிட்டாள். பிறகு வாய் வரவில்லை. அவனோ, இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கென்றே ஹாலில் இரட்டை சோபா போட்டிருந்தான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஸ்பீக்கர்களைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினார்கள். செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம். அங்கே ஆடியோ கடை வைத்திருக்கும் ராமாமிர்தம், சார்லசின் காலேஜ் நண்பன்.

"ஸ்பீக்கரையும் தூக்கியாந்தியே, அதான் சரி மச்சான். வாட்ஸ் மட்டும் பாத்து ஆம்ப் வாங்கறது, போட்டோவ மட்டும் பாத்து பொண்ணு கட்டற மாதிரி. சேந்து வாழுமான்னு பாக்க வேணாமா?"

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ரிமோட்டோடு பளபளக்கும் புதுசு ஒன்று. கனமான பழசு ஒன்று. முதலில் புதுசை மாட்டினான் ராமாமிர்தம். வாசலில் யாரோ ஹாரன் அடிக்க, சார்லஸ் காரை ஒதுக்கப் போனான்.

"சிஸ்டர், நடுவுல உக்காந்து கேட்டுச் சொல்லுங்க."

பாட்டு எழுந்தது. ஆம்ப்ளிஃபயர் அசரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ரெண்டு பக்கமும் அருமையா இருக்கு" என்றாள்.

பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்த ராமாமிர்தம் சிரித்துவிட்டான். "அட, நான் எடது பக்க ஒயரே மாட்டல சிஸ்டர்."

சார்லஸ் வாசலில் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. பிரிசில்லாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இதுல மோனோ பட்டன் இருக்காடா?" என்று கேட்டான் சார்லஸ்.

"புதுசுல ஏது? பழசுல இருக்கு. ஆனா ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்து கேக்கறதுக்கா இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் வாங்குன?"

"பழசு இந்த ஸ்பீக்கர இழுக்குமா?"

மாட்டிப் பார்த்தார்கள். இழுத்தது. சத்தத்தை எவ்வளவு ஏற்றியும் 'டக்' வரவில்லை.

"இதக் கட்டு" என்றான் சார்லஸ்.

திரும்பும்போது பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஓட்டுகிறவன் வலது பக்கம்; காரில் அவன் சொல்வது எப்போதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன வாரமே. வலது காது தலகாணில பட்டுப் படுத்தீன்னா, அலாரம் அடிச்சாகூட எழுந்திரிக்க மாட்ட."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். இன்னிக்கு உன் மொகத்தப் பாத்தேன். இனிமே காத்திருக்க வேணாம்னு தோணிச்சு."

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. அப்பறம் பயந்துட்டேன்."

"என்னைப் பாத்தா? நம்ம வீட்டுப் பூனைகூட என்னைப் பாத்து பயப்படல பிரிசி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வீட்டில் மோனோ பட்டனை அழுத்தினான். வயலினும் குரலும் இரண்டு பெட்டியிலிருந்தும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் இடது பெட்டியில் மட்டும் ஒலித்து அவளுக்கு மங்கலாய்ப் போன வயலின், வலது பக்கம் வந்து நின்றது. பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை.

அடுத்த பாட்டுக்கு அவளே எழுந்து பட்டனை விடுவித்தாள்.

"மொதப் பாட்டு எனக்கு. இது உங்களுக்கு."

"உனக்குப் பாதிதான கேக்கும்?"

அவள் அவனுக்கு இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, வலது காதை அவன் பக்கம் சாய்த்தாள்.

"மீதிய நீங்க சொல்லுங்க."