இனாமாக வந்த ஒரு மணி நேரம்

"என்ன ரோண்டா, ஒரு மணி நேரம் கூடுதலாத் தூங்கினியா?"

திங்கட்கிழமை காலை நகராட்சி ஷெட்டுக்குள் கால் வைத்ததும் மேற்பார்வையாளர் ஆர்ட் கேட்ட முதல் கேள்வி. அவர் கையிலிருந்த காபியைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்தால் என்ன என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

நவம்பர் வந்தால் ஸ்ப்ரூஸ் பே ஊருக்கு இதே பேச்சு. குளிர்காலத்துக்காக அரசாங்கம் நேரத்தை மாற்றும்; சனிக்கிழமை படுக்கப் போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். தூக்கம் ஒரு மணி நேரம் கூடும், சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாலேயே இருட்டிவிடும். ஞாயிறு முழுக்க சர்ச்சிலும் கடையிலும் ஒரே இளிப்பு. லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி.

போன வருஷம் கடிகாரம் மாறிய மறு திங்கட்கிழமைதான் அவள் அண்ணன் டேல் செத்தான்.

ஹாக்கி அரங்கத்துக்கு எதிரே, நெடுஞ்சாலையில், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் அவன் ஒழுங்காக ரோட்டைக் கடந்தான். மாலை ஐந்தரை மணி. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வெயில் இருந்த இடம், திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கும்மிருட்டு. ஆலையிலிருந்து வீட்டுக்குப் பறந்த ஒருவன் வெள்ளிக்கிழமை வேகத்திலேயே வந்தான். அவ்வளவுதான்.

கோர்ட்டில் அந்தக் கார்க்காரன் கையைப் பிசைந்தபடி சொன்னான்: "வெள்ளிக்கிழமை அந்நேரம் அங்க வெளிச்சமா இருந்துச்சே!"

அதைக் கேட்டு டேலின் மனைவி லூசில் அவன் மேல் பாய்ந்தாள். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு சிக்னல் விளக்கு வையுங்கள் என்று நகரசபையில் ரோண்டா தொண்டை வற்றக் கேட்டாள். ஆய்வு நடக்கிறது என்றார்கள். ஓர் உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க அண்ணன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாராமே?" என்றார்.

வருஷம் ஓடிவிட்டது. விளக்கு வரவில்லை. திங்கட்கிழமை மட்டும் திரும்ப வந்துவிட்டது.

மாலை ஐந்து மணி. ரோண்டா பனி தள்ளும் லாரியை எடுத்தாள். வானத்தில் ஒரு பொட்டுப் பனி கிடையாது. அரங்கத்துக்கு எதிரே வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்து, லாரியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினாள். முன்னாலிருந்த பனி தள்ளும் இரும்புக் கத்தியைத் தார்ச்சாலையில் டங்கென்று இறக்கினாள். கூரை மேல் ஆரஞ்சு விளக்கு சுற்ற ஆரம்பித்தது. ஓரத்தில் சரளைக்கல் தடம் மட்டும்தான் மிச்சம்.

இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் காதைக் கிழித்தது. முன்னால் நின்ற பிக்கப் வண்டியிலிருந்து வேய்ன் தலையை நீட்டினான். ஆலை ஆள், வாய் நீளம்.

"ஏம்மா, பனியே விழலையே! எதைத் தள்ள வந்தே?"

"உன்னை மாதிரி ஆளுங்களைத்தான்."

"வீட்ல சூப்பு ஆறுது, தாயே! வழி விடு!"

"ஆறட்டும். நேத்து உங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் இனாமா வந்துச்சுல்ல? இளிச்சீங்கல்ல? அதை இங்க வச்சுட்டுப் போங்க. ஆறு மணி வரைக்கும் இந்தக் கோட்டை எந்த வண்டியும் தாண்டாது."

"ஆம்புலன்ஸ் வந்தா?"

"ஆம்புலன்ஸுக்கு நகர்த்துவேன். உன் சூப்புக்கு நகர்த்த மாட்டேன்."

வயர்லெஸ்ஸில் ஆர்ட் கத்தினார். "ரோண்டா! லாரியை எடு! இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

அவள் குமிழைத் திருகினாள். ஆர்ட் குரல் செத்தது.

ஐந்தரைக்கு ட்ரெவர் வந்தான். போலீஸ்காரன். டேலிடம் ஹாக்கி பழகியவன். கருநீல யூனிஃபாரம். ஒளிரும் மஞ்சள் அங்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி சரளைக்கல் தடத்தில் நடந்து வந்து வெள்ளைக் கோட்டின் நுனியில் நின்றான்.

"ரோண்டா, நியாயம் உங்க பக்கம்தான். ஆனா இது முறையில்ல."

"டேய் ட்ரெவர், முறையா ஒரு வருஷம் கேட்டேன்டா."

"இப்ப யாரு அடிபடப் போறாங்க சொல்லுங்க? எல்லாருக்கும் கண்ணு இருக்கு. பார்த்துத்தான் ஓட்டுவாங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. வரிசையின் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் பிய்த்துக்கொண்டு சரளைத் தடத்தில் இறங்கியது. லாரியைச் சுற்றிக்கொண்டு போகும் அவசரம். கல் தெறித்தது.

"ட்ரெவர்! குதி!"

குதித்தான். பள்ளத்தில் உருண்டான். தொப்பி மட்டும் சக்கரத்துக்கு அடியில் போனது. கார் கிறீச்சிட்டு நின்றது.

ரோண்டா லாரியிலிருந்து குதித்து ஓடினாள். கார்க் கதவை அறைந்துவிட்டு இறங்கியவளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

லூசில்.

முதியோர் இல்லத்தில் ஆறு மணி ஷிப்ட். வெள்ளை உடுப்பு. முகம் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேரே ரோண்டாவிடம் வந்தாள்.

"நீதானா? வேற யாரா இருக்கும்! என் புருஷன் பேரை வச்சு ஊர்ல கூத்து நடத்தாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? எனக்கு வேலைக்கு நேரமாச்சு! உன்னை நான் கேட்டேனா இதை?"

"நீ கேக்கலை. அவன் எனக்கு அண்ணன்."

"அண்ணன்! ராத்திரி காலிக் கட்டில்ல படுக்கிறது நானு! நீ லாரியை நிறுத்திட்டா அவன் எழுந்து வந்துருவானா?"

ரோண்டா ஓங்கி ஓர் அறை விட்டிருப்பாள். விடவில்லை. குனிந்து, சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்ததை உருவி லூசிலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரோடது தெரியுதா?"

பள்ளத்திலிருந்து ட்ரெவர் ஏறி வந்தான். முழங்காலில் துணி கிழிந்து ரத்தம்.

"இவன் இங்கதான் நின்னான், லூசில். கோட்டு மேலயே. பார்த்தியா நீ?"

லூசில் தொப்பியைப் பார்த்தாள். ட்ரெவரைப் பார்த்தாள்.

"நான்... நான் பார்க்கலை. வெள்ளிக்கிழமை இந்நேரம் இங்க வெளிச்சமா..."

வார்த்தை பாதியில் அறுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் அகலமாகத் திறந்திருந்தன.

ஹாரன்கள்கூட அடங்கிவிட்டன. வேய்னுக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, அழுகையெல்லாம் வீட்ல வச்சுக்கங்க! அந்த ஓரம் காலியாத்தானே இருக்கு, நான் அப்படியே போயிடறேன்!" என்று பிக்கப்பை உறுமவிட்டான்.

லூசில் விருட்டென்று திரும்பினாள். காருக்குள் ஏறினாள். பின்னால் எடுத்து, திருப்பி, மிச்சமிருந்த சரளைத் தடத்துக்குக் குறுக்கே நிறுத்தினாள். லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே இப்போது ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை.

இறங்கி, சாவியை இடுப்புப் பைக்குள் போட்டாள். வேய்னின் வண்டிக்கு முன்னால் போய் நின்று, அதன் மூக்கில் உள்ளங்கையால் படீரென்று அடித்தாள்.

"வா. இப்ப வா பார்க்கலாம்."