கதவு திறந்துதான் இருந்தது

பேராசிரியரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. பாப்பாதான் வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுவது. வெளிநாட்டுக்கு வந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணை வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது.

ஐந்து மணிக்குள் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் விடுமுறை இரண்டு மாதமும் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை. சேராவிட்டால் அந்த இடம் போச்சு. இப்போது மணி மூன்றரை.

கேட்காமல் இல்லை. பத்து நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்பினாள். நேற்றும் வாசலில் வந்து நின்றாள். அவள் வளர்ந்த வழக்கத்தில் பெரியவர்கள் அறை வாசலில் போய் நின்றாலே போதும். அவர்களே நிமிர்ந்து, "என்னம்மா, என்ன விஷயம்?" என்பார்கள். அப்புறம் வாயைத் திறப்பதுதான் மரியாதை. இந்தப் பெண்மணியோ நிமிர்ந்தார், சிரித்தார், மறுபடி கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார், மகராசி.

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

"ஆமாம்மா. என்ன, சொல்லு."

"ஒண்ணுமில்ல, சும்மாதான். உங்களுக்கு லீவு எப்போ?"

"அடுத்த மாசம். ஏன்?"

"சும்மா கேட்டேன். அப்பாவுக்கும் முன்ன மாதிரி கண்ணு தெரியல பாரு, பேப்பர்கூடப் படிக்கிறதில்ல. சரி சரி, நீ வேலையப் பாரு."

"சரிம்மா, அப்புறம் பேசுறேன்."

இருக்கிற இருப்பில் சும்மா பேச எங்கே நேரம்? தன் துறை ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள் சீனியர் அக்கா. கைப்பேசியை வாங்கி, பேராசிரியருக்குப் போன அந்த மின்னஞ்சலை அக்கா படித்தாள்.

"முதல் பாரா முழுக்க மன்னிப்பு. ரெண்டாவது பாரா அவங்க உடல்நலம். மூணாவதுல அவங்க கட்டுரையப் புகழ்ந்து தள்ளியிருக்க. கடைசியில, 'நேரம் இருந்தா, சிரமம் இல்லன்னா, ஒரு கடிதம் பத்தி யோசிக்க முடிஞ்சா'... ஏண்டி, இதுல நீ எங்க கேட்டிருக்க?"

"பதில் போட்டாங்களே அக்கா. 'அன்பான வார்த்தைகளுக்கு நன்றி'ன்னு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பாராட்டுன்னு நெனச்சு மூடி வச்சுட்டாங்க. போ, கதவத் தட்டு. என்ன வேணும், எப்போ வேணும், ரெண்டே வரி. மன்னிப்புன்னு வாயத் திறந்த, கொன்னுடுவேன்."

மணி நாலேகால். திறந்திருந்த கதவைத் தட்டினாள்.

"எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஐந்து மணிக்குள் எழுதித் தர முடியுமா?"

இங்கிலீஷில் அவ்வளவுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் பெரியவர் ஒருவரைக் கைநீட்டி அறைந்துவிட்டதுபோல் இருந்தது. பேராசிரியர் கோபிக்கவே இல்லை. உட்காரச் சொன்னார். நாலு ஐம்பதுக்குக் கடிதம் போய்விட்டது.

"இதை முன்பே கேட்டிருக்கலாமே?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம்.

கேட்டேனே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காரியம் முடிந்தும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நடைவழியை இரண்டு தடவை அளந்தவள், சட்டென்று அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, அப்போ எதுக்குப் போன் பண்ணின?"

"சும்மாதாம்மா."

"சும்மா இல்ல. என்ன வேணும், எப்போ வேணும், நேரா சொல்லு."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அடுத்த மாசம் கண்ணு ஆபரேஷன். வெளிய காட்டிக்க மாட்டேங்கிறார், ஆனா ரொம்பப் பயப்படுறார். நீ பக்கத்துல இருந்தா தேவலைன்னு..."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னேனே" என்றாள் அம்மா. "மூணு தடவ சொன்னேனே, பாப்பா."

பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் கேட்ட மன்னிப்பை வீட்டில் ஒருவரிடமும் அவள் கேட்டதில்லை.

"மன்னிச்சுடும்மா."

"சீ, நமக்குள்ள என்னடி மன்னிப்பு? எப்போ வர்ற, அதச் சொல்லு."