கை நனைக்காத விருந்தாளி

ஸ்பெயின் தேசத்துக்குப் போய் ஒரு வருஷம் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவள் பிரபாவதி. அந்தப் படிப்பு எதற்கு உதவியது என்று கேட்டால், பெற்ற தாய்க்கும் சோறு போட்ட தாய்க்கும் நடுவில் நின்றுகொண்டு, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குவதற்குத்தான் உதவியது.

எழுபத்தேழாம் வருஷத்து ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் அவள் அப்பா, ரயில்வே குமாஸ்தா தாமோதரனின் வீட்டுக் கூடத்தில் பிலார் வந்து உட்கார்ந்திருந்தாள். சாலமன்கா ஊரில் பிரபாவதி தங்கிப் படித்தது இந்த அம்மாள் வீட்டில்தான். விதவை. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். ஊர் சுற்றிப் பார்க்கும் கூட்டத்தோடு மாமல்லபுரத்தில் வந்து இறங்கியவள், கோயிலாவது குளமாவது என்று ஒரு டாக்சி பிடித்து நேரே இங்கே வந்துவிட்டாள்.

சும்மா வரவில்லை. பிரபாவதிக்கு இரண்டாம் வருஷத்துக்கும் உதவித்தொகை கிடைத்திருந்தது. அம்மா லோகநாயகியோ, "ஒரு வருசம் போனது போதும். ஆடி கழிஞ்சா மதுராந்தகத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க" என்று பேச்சை முடித்துவிட்டாள். பிரபாவதி அம்மாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிலாருக்குத்தான் எழுதினாள். நானே வந்து கேட்கிறேன் என்றாள் பிலார். அவள் கேட்பாள், அம்மா கரைவாள், தான் ஓரமாக நல்ல பிள்ளை மாதிரி நின்றுகொள்ளலாம் என்று பிரபாவதி மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

கோட்டை முதல் பேச்சிலேயே இடிந்தது.

"இன்னாத்த போட்டாளாம் சோத்துல? குச்சி மாதிரி திருப்பி அனுப்பிகீறா எம்பொண்ண. கேளு," என்றாள் லோகநாயகி, முகத்தில் சிரிப்பு மாறாமல்.

பிரபாவதி பிலார் பக்கம் திரும்பினாள். "என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்களாம். அம்மா நன்றி சொல்கிறாள்."

"நன்றி இருக்கட்டும்!" பிலார் இரண்டு கையையும் வீசிப் பொரிந்தாள். "இப்படிப்பட்ட பெண்ணை அடுப்பங்கரையில் தள்ளுவது பாவம் என்று உன் அம்மாவிடம் சொல்."

"நீ ரொம்ப நல்லா சமைப்பேன்னு கேள்விப்பட்டாங்களாம்மா."

லோகநாயகி மகளை மேலும் கீழும் பார்த்தாள். "அவ கைய ஆட்டி ஆட்டிக் கத்தறா, நீ சமையலுன்ற. நா நாலு பேச்சு பேசனா நீ ரெண்டுதான் சொல்ற. மீதிய இன்னாடி பண்ற, முழுங்கறியா?"

அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டால் என்ன, கண்ணும் காதும் இருக்கிறதே! பிரபாவதிக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஒருத்தியாவது கொஞ்சம் பதவிசாகப் பேசித் தொலைக்கக் கூடாதா?

இலை போட்டார்கள். விடியற்காலையில் தாமோதரன் சதுரங்கப்பட்டினத்துக்கே போய் வாங்கி வந்த வஞ்சிரம். குழம்பு ஒரு பக்கம், வறுவல் ஒரு பக்கம், வீடே மணத்தது. பிலார் சிரமப்பட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் கேட்பதற்குச் சம்மதம் சொன்னால்தான் கை நனைப்பேன்," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பிரபாவதி விஷயத்தில் சரியாகப் போயிற்று. சாலமன்காவில் சாப்பாட்டு மேசையில், பேசிப் பழகட்டும் என்று பிலார் தினம் ஒரு ஊர்க்கதை கேட்பாள். எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் சம்மதம் கிடைக்கிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று இவளும் ஒரு நாள் திக்கித் திணறிச் சொல்லிவைத்தாள். அது கல்யாணப் பேச்சுக்கு மட்டும்தான் என்று விளக்க அன்றைக்கு அவளிடம் மொழி போதவில்லை. எதைக் கேட்கப் போனாலும் தமிழர் வீட்டில் இதுதான் முறை போலிருக்கிறது என்று பிலார் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"இன்னாவாம்?" என்றாள் லோகநாயகி.

"நீ சரின்னு சொன்னாத்தான் கை நனைப்பாங்களாம்."

லோகநாயகியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "கை நனைக்க மாட்டாளா? பாத்தீங்களா, நா அன்னிக்கே சொல்லல? நம்ம பொண்ணு கொண்டாந்த போட்டோல பல்லக் காட்டிகினு ஒருத்தன் நின்னானே, இவ புள்ள, அவனுக்குப் பொண்ணு கேட்டு வந்துகீறா!"

"ஐயோ, இல்லம்மா! என் படிப்புக்குத்தான் கேக்கறாங்க!"

"படிப்புக்கு எவளாச்சும் பட்டினி கெடப்பாளா? காலையிலேர்ந்து பொய்யாச் சொல்லிகினு கீற. இது மட்டும் நெசமா?"

"பெரிய பேஜாராப் போச்சு. மீனு ஆறுது," என்றார் தாமோதரன்.

உண்மையைச் சொன்ன நேரத்தில் நம்ப ஆளில்லை. பிலாரிடமாவது சொல்லிப் புரியவைக்கலாம் என்று திரும்பினால் ஸ்பானிஷ் கைகொடுக்கவில்லை. வரன், சம்பந்தம், இதற்கெல்லாம் ஒரு வருஷப் படிப்பில் எங்கே வார்த்தை தேடுவது? பயப்படாதே, நான் விடமாட்டேன் என்று பிலார் வேறு கண் சிமிட்டினாள். பிரபாவதிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி மகளை நம்பிப் பயனில்லை என்று லோகநாயகி தானே களத்தில் இறங்கினாள். போட்டோவைக் கொண்டுவந்து அந்தப் பையன் முகத்தில் விரலை வைத்தாள். அதே விரலால் மகளைக் காட்டினாள். பிறகு தன் தாலியை எடுத்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

பிலார் ஒரு கணம் விழித்தாள். அப்புறம், "நோ, நோ, நோ!" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, மடியில் குழந்தையைத் தாலாட்டிக் காட்டினாள்.

"கல்யாணம் ஆயி கொழந்த கீதாம்," என்றார் தாமோதரன். அவருக்கே புரிந்துவிட்டது.

லோகநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. "அதுக்கு இன்னாத்துக்கு இப்டிச் சிரிக்கணும்? எம்பொண்ணுக்கு இன்னா கொறச்சலு?"

"அம்மா!" பிரபாவதி கத்தியேவிட்டாள்.

லோகநாயகி கரண்டியைக் குழம்பில் போட்டுவிட்டு மகளுக்கு நேரே வந்து நின்றாள். "சரி, பொண்ணு கேக்கல. அவ பேச்சும் வேணாம், எம்பேச்சும் வேணாம். நீ இன்னா கேக்கற? அத்தச் சொல்லு மொதல்ல."

காலையிலிருந்து இவர் சொன்னார் அவர் சொன்னார் என்று ஓடிய வாய் இப்போது அடைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைதான். அதில் தனக்கென்று ஒன்றைக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"போவணும்மா," என்றாள். "படிச்சி முடிக்கணும். மதுராந்தகம் இப்ப வேணாம்."

லோகநாயகியின் கண் நிறைந்தது. முந்தானையால் வெடுக்கென்று துடைத்துக்கொண்டாள். "இத்த எங்கிட்டச் சொல்றதுக்கு, கடல் தாண்டி வந்தவள வூட்ல குந்தவச்சிப் பட்டினி போடணுமாடி?"

"நீதான் உடமாட்டேன்னியே."

"ஒருவாட்டி உடமாட்டேன்னுதான் சொல்வேன். பெத்தவ வேற இன்னா சொல்வா? நாலுவாட்டி கேக்கறதுக்கு இன்னா, வாயி தேஞ்சிடுமா? ஊரான் பாஷையெல்லாம் பேசற!"

பிரபாவதி அழுதாள். பிலார் ஒன்றும் விளங்காமல் அம்மா முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். லோகநாயகி அவள் இலையில் சோற்றைத் தள்ளிக் குழம்பை ஊற்றினாள்.

"சாப்படச் சொல்லு. ஒரு வருசம்தான்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு நாளு ஆச்சு, நா அங்க வந்து இவ வூட்டு நடுக்கூடத்துல கை நனைக்காம குந்திக்குவேன். இத்த அப்டியே சொல்லு. முழுங்காத."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னாள் பிரபாவதி.